கோடில்லா அறிக்கை

ஜூன் 3, திங்கள்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்கு முந்தைய நாள், கடைசி பெஞ்சு இசக்கிமுத்து எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், தெரியாத கேள்விக்குத் தெரியாதுன்னு எழுதினா அரை மார்க்காச்சும் போடுவாங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஒரு இடத்தையும் காலியா விடாத. எதையாவது எழுது. திருத்துறவங்க கண்ணுக்கு மையாவது தெரியணும்" என்றேன். எல்லா வருடமும், எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொன்னதுதான் அது.

இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் புது வேலை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அறிக்கை தட்டச்சு செய்யும் பிரிவில் ஆள் கேட்டிருந்தார்கள். டாக்டர்கள் நோயாளியைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். காலுக்குக் கீழே தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். முப்பது வருடம் உயிரியல் நடத்தியவளுக்கு இது என்ன பெரிய காரியம்?

வேலை சொல்லிக் கொடுத்தவள் சுடலைவடிவு. ஐந்து வருடமாக இங்கே இருக்கிறாள். பேச்சு கொஞ்சம், வேலை அதிகம். அவள் அறிக்கையைப் பார்த்தேன். ஆங்காங்கே ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் நிமிடமும் நொடியும்.

"இது என்னம்மா?"

"கேக்கல டீச்சர். கேக்காத எடத்துல கோடு போடணும். டாக்டர் பாத்து அவியளே எழுதி, கையெழுத்துப் போடுவாவ."

நல்ல பிள்ளை. ஆனால் பத்துப் பக்கத்தில் ஆறு கோடு. என் வகுப்பாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 5, புதன்

கேட்காத சொல்லைத் தேடிப் பிடிப்பது அருமையான வேலை. குறுக்கெழுத்து மாதிரி. ஓர் எடுத்துக்காட்டு: டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லும்போது யாரோ இருமிவிட்டார்கள். கடைசியில் 'ப்ரில்' என்பது மட்டும் கேட்கிறது. நோயாளிக்கு இரத்த அழுத்தம் உண்டா என்று மேலே பார்க்கிறேன். உண்டு. மருந்துப் புத்தகத்தில் 'ப்ரில்' என்று முடிகிற அழுத்த மாத்திரைகளைத் தேடுகிறேன். நாலைந்து வருகின்றன. எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் சொன்னதை வைத்து இரண்டைக் கழிக்கிறேன். அட்மிஷன் அன்று நர்ஸ் எழுதிய மருந்துப் பட்டியலைப் பார்க்கிறேன். அங்கே இருக்கிறது ராமிப்ரில்! பிடிபட்டுவிட்டது.

வடிவும் இதே படிகளைத்தான் ஏறுகிறாள். ஆனால் அவளிடம் ஆறாவது படி ஒன்று உண்டு. ஐந்தும் பார்த்துக் கிடைக்காவிட்டால் கோடு. அந்த ஆறாவது படி எனக்குப் பிடிக்கவில்லை. அது முயற்சியின்மை.

ஜூன் 8, சனி

முழங்கால் வலி. மிதி காரணம். எண்ணெய் தடவினேன்.

ஜூன் 12, புதன்

இதயப் பிரிவு டாக்டர் ஆவுடையப்பன் கெட்டிக்காரர், வேகமானவர். பெயர், வயது, வந்த காரணம், பழைய நோய் எல்லாம் மணிமணியாகச் சொல்வார். 'அலர்ஜி' என்று தலைப்புச் சொல்வார். உடனே ஒரு 'ஷ்ஷ்ஷ்'. பத்து நொடிக்கு அருவி. பிறகு 'அடுத்தது, குடும்ப வரலாறு' என்று தெளிவாக வந்துவிடுவார். இன்று வந்த ஒன்பது பதிவிலும் இதே கதை. நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அருவியில் போய்விடுகிறது.

பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் பெரும்பாலும் பென்சிலின். அதே டாக்டர், அதே இடம், அதே சத்தம். பென்சிலின்தான்.

"எனக்குத் தண்ணிச் சத்தந்தான் கேக்கு டீச்சர்" என்றாள் வடிவு.

"இடத்தை வைத்து அர்த்தம் பண்ணணும்மா. பழைய அறிக்கையில இருக்கே?"

"அது முன்னால இருந்த ஸ்டெல்லாக்கா போட்டது. அவிய போட்டதப் பாத்து மத்தவிய போட்டாவ."

"அத்தனை பேரும் தப்பாகவா போடுவாங்க?"

அவள் கோடு போட்டாள். நான் ஒன்பதிலும் நிரப்பினேன். கூகுளிலும் பார்த்துவிட்டேன். மருந்து ஒவ்வாமை என்று தேடினால் முதலில் வருவதே பென்சிலின்தான்.

ஜூன் 20, வியாழன்

ஒரு நல்ல காரியம் செய்தேன். சந்தேகச் சொற்களுக்கு ஒரு நோட்டு போட்டேன். நீள நோட்டு, நான்கு பத்தி: டாக்டர் பெயர், இடம், கேட்பது, எழுத வேண்டியது. உறுதியானதற்குச் சிவப்பு மையில் டிக். ஆவுடையப்பன், அலர்ஜி, தண்ணீர், பென்சிலின், டிக்.

தர மேலாளர் குற்றாலிங்கம் சார் பார்த்து உருகிவிட்டார். "இதத்தான் டீச்சர் நான் அஞ்சு வருசமா கேக்கேன்! எவளுக்காச்சும் தோணுச்சா?" நகல் எடுத்து, லேமினேஷன் செய்து, எல்லார் மேஜையிலும் வைத்தார். சிவப்பு டிக் நகலில் கறுப்பாக விழுந்துவிட்டது. இன்னும் உறுதியாகத் தெரிகிறது.

அடுத்த மாதம் முழுவதும் 'கோடில்லா அறிக்கை' இயக்கமாம். கோடு இருந்தால் அறிக்கை மாடிக்குத் திரும்பிப் போகிறது, டாக்டர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது, டாக்டர் கோபிக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: 'டாக்டரின் நேரம் நோயாளியின் உயிர். கோடு போடாதீர்.'

ஜூலை 1, திங்கள்

ஜூன் மாதக் கணக்கு வாசித்தார்கள். பியூலா டீச்சர், கோடு பூஜ்யம். எனக்குப் பொன்னாடையும் ஒரு ஹாட்பாக்ஸும். வடிவு, கோடு நூற்றுப் பதினான்கு. அவளுக்கு ஒரு மெமோ. இன்னும் ஒரு மாதம் இப்படியே இருந்தால் வேலை கிடையாது என்று எழுதியிருக்கிறது.

என்னைப் பேசச் சொன்னார்கள். இசக்கிமுத்துவின் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். வடிவு ஹாட்பாக்ஸ் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகளுக்கு நாலு வயது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் பால்வாடி. மூன்றரைக்கு ஓடிப்போய்க் கூட்டி வந்து மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாள். இந்த வேலை போனால் இந்த வசதியில் வேறொன்று கிடைக்காது.

ஜூலை 4, வியாழன்

வடிவுக்கு ஓர் உதவி செய்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் ஆவுடையப்பன் மாநாட்டில் ஒரு கட்டுரை படிக்கப் போகிறார். தட்டச்சுக்கு என்னிடம் வந்தது. எனக்கு ஒரே பெருமை. இந்த வட்டார மக்களிடம் பென்சிலின் ஒவ்வாமை வியக்கத்தக்க அளவில் இருக்கிறதாம். நம் ஆஸ்பத்திரி இதய நோயாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று நாற்பது பேருக்கு! தாமிரபரணித் தண்ணீரா, பரம்பரையா என்று மேலும் ஆராய வேண்டும் என்று முடித்திருந்தார்.

நோட்டில் பென்சிலினுக்கு எதிரே இன்னொரு வரி சேர்த்தேன். 'ஆதாரம்: டாக்டரின் கட்டுரை.'

வடிவு எட்டிப் பார்த்தாள். "டாக்டருக்கு ஆதாரம் எது டீச்சர்?"

"நம்ம அறிக்கைகள்தான்."

"நம்ம அறிக்கைக்கு?"

"நோட்டு இருக்கே."

"நோட்டுக்கு?"

வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்ததால் நான் சீக்கிரம் கிளம்ப வேண்டியதாயிற்று. தொட்டி நிறைந்து மாடியெல்லாம் தண்ணீர்.

ஜூலை 17, புதன்

மாசானமுத்து என்ற ஒரு நோயாளி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இந்த மாதத் தொடக்கத்தில் நெஞ்சு வலியென்று வந்து குணமாகிப் போனவர். முந்தாநாள் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்று மறுபடி சேர்ந்திருக்கிறார். டியூட்டி டாக்டர் பழைய அறிக்கையைப் பார்த்திருக்கிறார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருந்திருக்கிறது. அதனால் கவனமாக அதைத் தவிர்த்துவிட்டு, சல்ஃபா மாத்திரை எழுதியிருக்கிறார்.

அவருக்கு ஒத்துக்கொள்ளாததே சல்ஃபாதானாம்.

மாத்திரை வாங்கும்போதே அவர் மனைவி செண்பகவல்லி ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் சொன்னாராம், "இது இவியளுக்கு ஆவாதே. பெரிய டாக்டர்ட்ட அன்னைக்கே சொன்னோமே" என்று. கடைக்காரர் ஷேக் மதார் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். "பாருங்கம்மா, பென்சிலின்னுதான் போட்டிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? ஒங்களுக்குத்தான் ஞாபகம் மாறிருக்கும்." அந்த அம்மாள் திரையை நம்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மாத்திரையில் முகம் வீங்கி, தோல் கொப்புளமாகி, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில்.

அறிக்கை எண் 2281. தேதி ஜூலை 4. தட்டச்சு: சுடலைவடிவு.

இரவு சாப்பிடவில்லை. ஜெபம் செய்யாமலே படுத்தேன்.

ஜூலை 18, வியாழன்

விசாரணை சனிக்கிழமை. வடிவுதான் குற்றவாளி என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். குற்றாலிங்கம் சார் தலையில் கைவைத்துக்கொண்டு, "கோடு போடாதன்னா இப்படியா போடுவ? யோசிச்சுப் போடணும்லா!" என்றார்.

வடிவு என் மேஜைக்கு வந்தாள்.

"நான் கோடுதான் போட்டேன் டீச்சர். அந்தாளு கண்டக்டர்னு டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. கோடுதான் போட்டேன். மூணரைக்குப் புள்ளையக் கூப்பிடப் போனேன். வந்து பாத்தா அறிக்கை போயிருச்சு. நானே அனுப்பிட்டேன் போலன்னு நெனச்சுட்டேன்."

"ஆமாம்மா."

"நான் கோடு போடுறவன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. நீங்க சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுவியளா?"

"பார்ப்போம்மா" என்றேன்.

குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தார். வாஷரைப் பார்க்காமலே, வாஷர்தான் போயிருக்கும் என்று மாற்றிவிட்டுப் போனார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. இந்தக் காலத்தில் யாருக்குப் பொறுப்பு இருக்கிறது?

மேலே எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூலை 19, வெள்ளி

எழுதிவிடுகிறேன். ஜூலை நான்காம் தேதி மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு வடிவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் போட்டிருந்த கோடு பதினொன்று. பதினொன்றையும் நோட்டைப் பார்த்து நிரப்பி அனுப்பினேன். அவள் வேலை தப்பட்டும் என்றுதான். ஒரு பிள்ளையின் விடைத்தாளில் நான் இதுவரை விடை எழுதியதில்லை.

இன்று மதியம் 2281-இன் பதிவை மறுபடி கேட்டேன். இருபது தடவை மிதித்தேன். தண்ணீர். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு இந்தப் பிரிவில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். படியேறி இரண்டாம் மாடிக்குப் போனேன். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு படி. முழங்காலோடு நாலு நிமிடம். இத்தனை நாள் உலகத்திலுள்ள மருந்துப் புத்தகமெல்லாம் புரட்டினேன். இந்த நாலு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

டாக்டர் ஆவுடையப்பன் ஒரு நோயாளியைப் பார்த்து முடித்திருந்தார். பதிவைக் காதில் மாட்டிவிட்டேன்.

"யாரு பேசறது?"

"நீங்கதான் சார்."

"நானா? என்ன இவ்வளவு வேகமா பேசறேன்?" மறுபடி கேட்டார். "அலர்ஜிக்கு அப்புறம் ஒன்னும் கேக்கலியே. என்ன சொல்லிருக்கேன்?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன் சார்."

"நீங்க என்ன போட்டிருக்கிய?"

"பென்சிலின்."

"அப்ப அதத்தான் சொல்லிருப்பேன்" என்றார் நிம்மதியாக. "ஒரு நிமிசம் இருங்க, இந்த கேஸச் சொல்லிட்டு வாரேன்."

போனை எடுத்துச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பெயர், வயது, வந்த காரணம், பழைய நோய். பேசிக்கொண்டே மூலைக்கு நடந்தார். 'அலர்ஜி' என்று சொல்லி, கை கழுவக் குழாயைத் திறந்தார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒன்றுமில்லை."

ஜூலை 20, சனி

விசாரணைக்கு முன் வார்டுக்குப் போனேன். மாசானமுத்து ஆபத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் உதடெல்லாம் புண். பேச முடியவில்லை. செண்பகவல்லி ஸ்பூனில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நான்தான் அந்த இடத்தை நிரப்பினேன் என்று சொன்னேன்.

அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. டீச்சர்."

"படிச்சவியதான. தெரியலன்னா எங்களக் கேட்டிருக்கலாம்லா டீச்சர்? நாங்க ஒங்க ரூமுக்கு வெளிய பெஞ்சுலதான உக்காந்திருந்தோம். அறிக்கை வாங்கிட்டுப் போவச் சொன்னாவன்னு ரெண்டு மணியிலேருந்து அங்கனதான் இருந்தோம்."

முப்பது வருடத்தில் எந்த மாணவனும் என்னை இப்படித் தலைகுனிய வைத்ததில்லை. அவர் மறுபடி ஸ்பூனை எடுத்துக்கொண்டார்.

விசாரணை அறையில் குற்றாலிங்கம் சாரும் நிர்வாகத்திலிருந்து இருவரும் இருந்தார்கள். வடிவு நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் ஒரு படிவம். தலைப்பில், 'எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது' என்று அச்சிட்டிருந்தது.

"இவ மேல தப்பில்ல சார். இவ கோடு போட்டிருந்தா. நான் நிரப்பினேன்" என்றேன்.

வடிவு திரும்பிப் பார்த்தாள்.

குற்றாலிங்கம் சார் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், உணர்ச்சிவசப்படாதிய. பதிவுக் கருவிக் கோளாறுன்னு போட்டுருவோம். இவளுக்கும் ஒன்னும் ஆவாது, ஒங்களுக்கும் ஒன்னும் ஆவாது."

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். தண்ணிச் சத்தத்தை அது எவ்வளவு சுத்தமா பதிஞ்சிருக்கு!"

"நீங்க நிரப்புனதுன்னு எழுதினா, நீங்க நிரப்புனது எல்லாத்தயும் பாக்கணும்பாங்க."

"பார்க்கணும் சார்."

"நோட்டப் பாத்து மத்தவிய நிரப்புனதயும் பாக்கணும்பாங்க."

"அதையும் பார்க்கணும்."

"டாக்டரோட கட்டுரை?"

"அந்த நூற்று நாற்பது பேரையும் கேட்கணும் சார்."

அவர் முகம் வியர்த்துவிட்டது. பாவம். அவர் சுவரில் ஒட்டியதை நான் வகுப்பில் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். அவரை எப்படிக் குறை சொல்வேன்?

படிவத்தில் 'பிழை செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். 'பாதிப்பு எத்தனை பேருக்கு' என்ற இடம் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். தெரியவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கோடு போட்டேன்.

வெளியே வந்ததும் வடிவு கேட்டாள். "ஏன் டீச்சர் எங்கிட்டச் சொல்லாம செஞ்சிய?"

"உனக்கு நல்லது செய்யலாம்னு."

"நல்லது செய்யணும்னா கேட்டுட்டுச் செய்யணும்லா" என்றாள். பிறகு பிள்ளையைக் கூப்பிடப் போய்விட்டாள். மணி மூன்றரை.

ஜூலை 27, சனி

என்னைத் தட்டச்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம். அந்த நூற்று நாற்பது பேரையும் கேட்டு முடிக்கும் வரை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வடிவு வேலையில் இருக்கிறாள். ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் படிவம் இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள்.

சுவரொட்டியைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டியிருக்கிறார்கள்: 'கோடே பாதுகாப்பு.' இனி ஒவ்வோர் அறிக்கையிலும் குறைந்தது இரண்டு கோடு இருக்க வேண்டுமாம். எல்லாம் தெளிவாகக் கேட்கிற பதிவில் எந்த இரண்டு சொல்லைக் கோடாக்குவது என்று வடிவு குழம்பிக்கொண்டிருக்கிறாள். அதிகக் கோடு போடுபவருக்கு ஹாட்பாக்ஸ் உண்டாம்.

டாக்டரிடம், "சார், சொல்லி முடிச்சிட்டுக் கை கழுவலாமே" என்றேன். "இத யாரும் சொல்லவேயில்லையே!" என்று ஆச்சரியப்பட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். அடுத்த கட்டுரை, அறிக்கைகளில் பிழை பற்றி.

ஆகஸ்ட் 3, சனி

முடிந்தது. நூற்று நாற்பதில் நூற்று இருபத்தொன்பது பேர் போனில் கிடைத்தார்கள். பென்சிலின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் மூன்று பேர். வேறு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆறு பேர். அந்த ஆறையும் அன்றன்றே மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருவர், "கத்திரிக்கா ஒத்துக்காது, எழுதிக்கிடுங்க" என்றார். எழுதிக்கொண்டேன். கிடைக்காத பதினொரு பேருக்குக் கோடு.

ஸ்டெல்லா தட்டச்சு செய்த முதல் பென்சிலின் பதிவை வடிவு தேடி எடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்டோம். அந்த ஒன்றில் மட்டும் 'பென்சிலின்' என்று டாக்டர் சொல்வது மணி மாதிரி கேட்கிறது. அதற்குப் பின் அவரே யாரிடமோ, "என்னய்யா, தண்ணி வரல?" என்று கேட்கிறார்.

வடிவு சிரித்துவிட்டாள். விசாரணைக்குப் பிறகு என் முன்னால் அவள் சிரித்தது இன்றுதான்.

மாசானமுத்து நேற்று வீட்டுக்குப் போய்விட்டார். நகமெல்லாம் உரிந்து வளர வேண்டுமாம். போகும்போது செண்பகவல்லி புது அறிக்கையைக் கொண்டுவந்து, "டீச்சர், சரியா இருக்கான்னு ஒருக்கா வாசிங்க" என்று என்னிடம் நீட்டினார். வாசித்தேன். பிறகு அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

இசக்கிமுத்து, எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. உனக்கு அரை மார்க் இல்லை. முழு மார்க்.

இந்த நாட்குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று இன்றைக்கே கேளுங்கள். அவர்கள் சொன்னதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாது என்று சொன்னால், அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.